பெல்ட்டும் சாக்ஸும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சீருடையில் நாம் அதிகம் கவனிக்காத இரண்டு பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று கால்சட்டையை இடுப்பில் நிறுத்தும் பெல்ட், மற்றொன்று சாக்ஸைக் காலில் நிறுத்தும் எலாஸ்டிக்.

சாக்ஸ் நழுவுகிறது என்று, பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு சில பிள்ளைகள் வருகிறார்கள். விளையாட்டு வேளையில் ஒரு மாணவியின் காலிலிருந்து அதைக் கழற்றினோம். தோலில் சிவந்த பள்ளம் விழுந்து, பாதம் மரத்துப் போயிருந்தது. காலிலிருந்து இரத்தம் மேலேறுவதை அந்த இறுக்கம் தடுக்கும், கால் வீங்கும். சாக்ஸ் கணுக்காலில் சரிந்து கிடந்தால் கிடக்கட்டும். அதற்காக இங்கே யாரும் பிள்ளையைக் கண்டிக்கமாட்டார்கள். வெந்நீர், பிளீச்சிங் பவுடர், கொளுத்தும் வெயில் இவைதான் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் தளர்த்துகின்றன. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பெல்ட்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வளரும் பிள்ளை என்று கால்சட்டையைப் பெரிதாகவே தைக்கிறோம். அதில் தவறில்லை, ஆண்டுதோறும் புதிது எடுக்க எல்லோராலும் முடியாது. பிறகு ஆணியால் பெல்ட்டில் புதுத் துளை போட்டு, இடுப்புத் துணி கொசுவமாகச் சுருங்கும்வரை இறுக்கி அனுப்புகிறோம். அந்தக் கொக்கியைத் திறக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரல்களுக்கு வலு போதாது. கழிப்பறை வாசலில் நின்று அழுகிறது. இல்லையென்றால், அங்கே போகவே பயந்து, தண்ணீர் குடிக்காமல் பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. சிறுநீரை அடக்கிப் பழகினால் தொற்று வரும். பாவாடை நாடாவில் முடிச்சு இறுகிவிட்டால் சிறுமிகளுக்கும் இதே அவதிதான்.

ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை பெல்ட் கட்டாயமில்லை. அதற்குப் பதிலாக, வரிசையாகத் துளைகள் உள்ள எலாஸ்டிக்கை இடுப்புப் பட்டியின் உள்ளே வைத்து, ஒரு பொத்தானும் தைத்துத் தரச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர அடுத்த துளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய யோசனைதான். மார்க் ட்வைன் என்ற பெயரில் எழுதிய சாமுவேல் கிளெமன்ஸ், பொத்தானும் துளைகளும் கொண்டு கூட்டிக் குறைக்கக்கூடிய எலாஸ்டிக் பட்டைக்கு 1871இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறார். நம் ஊரில் பொத்தான் அறுந்த டிரவுசரை அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு பள்ளிக்கு ஓடியவர்கள் உங்களிலேயே பலர் இருப்பீர்கள். அரைஞாண் கட்டியிருக்கும் பிள்ளைகளுக்குத் தடையில்லை. உடம்பு பெருக்கும்போது மறக்காமல் தளர்த்திவிடுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பெல்ட் அணியலாம். வாங்கும்போதே, கடையில் வைத்துப் பிள்ளையைத் தானே கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள். எலாஸ்டிக் தைக்க வசதியில்லாதவர்கள் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் கால்சட்டையைக் கொடுத்தனுப்புங்கள். பள்ளிச் செலவில் தைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்