எங்கள் வீட்டில் ஏன் இசைத்தட்டு இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சந்தோசம். நம்முடைய பத்திரிகை ஒன்று இந்த விசயத்தை எழுத நினைத்ததே பெரிது என்று ஆவலாகத்தான் வாசித்தேன். பாதியில் ஒரு வரி வந்தது. அறுபது, எழுபதுகளின் எதிர்ப்புப் பாடல் தட்டுகள் கொழும்புத் தமிழர் வீடுகளில் அநேகமாகக் கிடைப்பதில்லையாம், காரணம் அந்தக் காலத்தில் நம்மவர் காது சினிமாப் பாட்டைத் தாண்டவில்லையாம்.

முதற்பாதி சரி. கிடைப்பதில்லைதான். இரண்டாம் பாதியை எந்த வீட்டில் போய் விசாரித்து எழுதினார் உங்கள் கட்டுரையாளர்? எங்கள் ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் ஒரு தேத்தண்ணியாவது கொடுத்து அனுப்பியிருப்போம்.

1965 இல் நான் பள்ளிக்கூடப் பெடியன். அமெரிக்க எதிர்ப்புப் பாட்டுக்காரர் பாரி மக்வையர் என்ற பெயரை முதலில் கேட்டது இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில். அதே வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழ்நாடே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தது, நாங்களும்தான், மறுக்கவில்லை. ஒரே றேடியோப் பெட்டி, முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் சுசீலா, மற்றப் பக்கம் திருப்பினால் அதே எதிர்ப்புப் பாட்டுக்காரர் டிலன், ஜோன் பயஸ், பீட் சீகர். சினிமாப் பாட்டுக் கேட்டவன் வேறொன்றையும் கேட்டிருக்க மாட்டான் என்பது என்ன கணக்கு ஐயா?

எதிர்ப்பு என்றால் என்ன என்பதை எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து யாரும் அனுப்பிவைக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா அரசாங்கக் கிளாக்கர். 1956 ஜூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் செல்வநாயகத்தோடு சத்தியாக்கிரகம் இருந்தவர்களை அடித்துக் கலைத்ததும், அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குப் போனதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குப் பிறகு அப்பா ஒவ்வொரு இரவும் சிங்களப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு இருப்பார், பக்கத்து அறையில் நானும் அண்ணரும் சத்தத்தைக் குறைத்துவைத்து சீகரைக் கேட்போம். அவருக்கு அந்த இங்கிலிஷ் பாட்டுகள் பிடிக்காது. ஆனால் நிற்பாட்டச் சொன்னதில்லை.

தட்டு வாங்குவது லேசான காரியமல்ல, இதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு என்ன பாடு படுத்தியது என்பது அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் நினைவிருக்கும். மிளகாய்க்கும் துணிக்குமே வரிசை, இதில் எல்.பி. தட்டு யார் இறக்குவது? கப்பலில் வேலைசெய்தவர்களும் லண்டனிலிருந்து லீவில் வருபவர்களும்தான் எங்கள் இறக்குமதியாளர்கள். மிச்சம் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அடித்து வந்தவை. 1971 ஓகஸ்ட் 1 ஆம் திகதி சித்தார் ரவிசங்கரும் பீட்டில்ஸ் ஜோர்ஜ் ஹரிசனும் நியூயோர்க்கில் பங்களாதேஷுக்காக நடத்திய கச்சேரி மூன்று தட்டாக ஒரு செம்மஞ்சள் பெட்டியில் வந்தது, மேலே எலும்பும் தோலுமான ஒரு பிள்ளையின் படம். அது எங்கள் கைக்கு வந்தபோது நாங்கள் அதைத் தூரத்து விவகாரமாகக் கேட்கவில்லை. இந்தியா வான்வழியை மூடியதால் கிழக்கு பாகிஸ்தானுக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போன வருசம் அது. அதே 1971 ஏப்ரலில் சிங்கள இளைஞர்களின் ஜே.வி.பி. கிளர்ச்சி, ஊரடங்கு, ஆற்றில் மிதந்த பெடியன்களின் கதை. அந்தப் பெட்டியைக் கேட்க வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் சிங்களவர், பறங்கியர், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தார்கள், ஆள் மாறி ஆள் கேட்டே இரண்டாம் தட்டின் ஒரு பக்கம் தேய்ந்து போனது.

அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று கேட்பீர்கள். 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்தது. டம்டம் தட்டுகள், பயஸ், அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்றதைப் பற்றி நீல் யங் எழுதிய பாட்டின் சிறிய தட்டு, நித்தி கனகரத்தினம், அம்மாவின் தண்டபாணி தேசிகர், எல்லாம். வினைல் எரிந்தால் சாம்பல்கூட ஒழுங்காக மிஞ்சாது, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து நிலத்தைச் சுரண்டி எடுத்தோம். ஆகவே கிடைப்பதில்லை. அடுத்த வாரம் உங்கள் கட்டுரையாளர் யாழ்ப்பாணத்துக்குப் போய், 1981 க்கு முந்திய புத்தகங்கள் நூலகத்தில் குறைவாக இருக்கின்றன, ஆகவே அவ்வூர்க்காரர் வாசிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் என்று எழுதினாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அப்புறம் கசெட் காலம். உங்கள் கட்டுரையில் கசெட் என்ற சொல்லே இல்லை, கசெட்டுக்கு அழகான உறையும் பெரிய விலையும் இல்லை என்பதால் இருக்கலாம். எண்பதுகளின் கடைசியில் சிங்களப் பாடகி நந்தா மாலினியின் 'பவன' என்ற எதிர்ப்புப் பாட்டுக் கசெட் வந்தபோது சிங்கள நண்பர்களிடம் வாங்கிப் பிரதி எடுத்துக் கேட்டோம். வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் போராட்டப் பாட்டுகளையும் கேட்டோம், ஒத்துக்கொண்டு கேட்டவர் இருந்தார்கள், திட்டிக்கொண்டு கேட்டவரும் இருந்தார்கள். ஆனால் ஒன்றையும் வைத்திருக்க முடியவில்லை. சுற்றிவளைப்பு நடக்கிறதாம் என்று காலையில் கதை வந்தால் நாடாவை உருவி அடுப்பில் போடுவது கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகளில் நடந்த வேலை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு கசெட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்க யாருக்குத் துணிவு?

அமெரிக்காவில் 1967 இல் சீகர் வியட்நாம் போரைக் குத்திப் பாடியதை சீ.பி.எஸ். தொலைக்காட்சி வெட்டியது, எதிர்ப்பு வந்ததும் அடுத்த பெப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் பாட விட்டது. வெட்டியதையும் விட்டதையும் இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். எங்களுடையதை யாரும் திருப்பி ஒலிபரப்பவில்லை, இல்லாதது எங்கள் ரசனையின் குறை என்று இப்போது நம்முடைய பத்திரிகையே சொல்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. 2022 போராட்டத்தின்போது காலிமுகத்திடலில் பாட்டும் எதிர்ப்பும் முதல்முறையாகச் சேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே நானும் நின்றேன், 2016 இல் சுதந்திர தினத்தில் பாடவிட்டு 2020 இல் நிறுத்திய தமிழ்த் தேசிய கீதத்தைப் பெடியன்கள் பாடினார்கள், தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் முதல்முறையா? தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் 1940 இல் புத்தகமாகவே வந்துவிட்டன. டிலன் பிறந்தது 1941 இல். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்தக் கட்டுரையின் மூலையில் பெட்டி கட்டி, பழைய தட்டுகளைச் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள் என்று ஆலோசனை கொடுத்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், ஒரே துடைப்பில் பாட்டும் போய்விடும். அது தாத்தா காலத்துச் சரக்கு, இப்போது யாரிடம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், இந்தியாவில் பீட்டில்ஸ் பாட்டுகளே 78 ஆக வந்தன, அவற்றுக்கு இப்போது வெளிநாட்டில் என்ன விலை என்று உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கும். வினைலுக்கு வேறு, அரக்குக்கு வேறு. அரக்குத் தட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து உடனே உலரவிட்டால் போதும். லேபலில் தண்ணீர் படக்கூடாது. தட்டுகளை நிமிர்த்தி அடுக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று படுக்கப்போட்டால் வளையும்.

இதை மட்டும் வரும் ஞாயிறு திருத்தமாகப் போடுங்கள், முடிந்தால் அதே பக்கத்தில். யாரோ ஒரு வீட்டில் தப்பிக் கிடக்கும் நாலு தட்டையாவது உங்கள் ஆலோசனை அழிக்காமல் இருக்கட்டும். மற்றதைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கொழும்பு 06