மணல் வகுத்த மைதானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானங்கள் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் அப்பால் எழுத முன்வந்தமைக்கு நன்றி. ஆனால் குன்றை வெட்டி, குளம் தோண்டி, கோடிகளைக் கொட்டி அமைத்த மைதானங்களே பக்கத்தை நிறைத்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மூத்ததாகக் கருதப்படும் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸுக்கு இரண்டு வரிதான் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மணற்கரையில் வாழும் நமக்கு அதன் கதையே மிக நெருக்கமானது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த மைதானத்தை ஒருவர் உட்கார்ந்து வரைந்து உருவாக்கவில்லை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே பயிருக்கு உதவாமல் கிடந்த மேடுபள்ளமான மணல்வெளி அது. ஸ்கொட்லாந்தில் கோல்ஃப் மோகம் முற்றி வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று 1457இலேயே நாடாளுமன்றம் தடை விதித்திருக்கிறது. அவ்வளவு பழைய ஆட்டம். சென் அன்ட்ரூஸில் கரையோரமாக ஒரே நெடுக்கில் ஆடிக்கொண்டு போய், அதே குழிகளில் ஆடிக்கொண்டு திரும்பினார்கள். போவதையும் வருவதையும் சேர்த்து எண்ணினால் ஒரு சுற்றுக்கு 22 குழிகள். 1764இல் முதல் நான்கு குழிகளை இரண்டாக்கியபோது போக இரண்டு, வர இரண்டு குறைந்து சுற்று 18 ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் 18 குழிகள் என்றிருப்பது அங்கிருந்து வந்த வழக்கம். பின்னர் ஆட்டக்காரர் பெருகவே, ஒரே கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தரையில்) போவோருக்கு ஒன்றும் வருவோருக்கு ஒன்றுமாக இரண்டு குழிகள் வெட்டினார்கள். அப்படி இரட்டையான கிரீன்கள் இன்றும் ஏழு உண்டு. இரண்டாவது குழிக்கு 16ஆவது, மூன்றாவதுக்கு 15ஆவது என்று எந்தச் சோடியைக் கூட்டினாலும் 18 வரும்.

மணற்பள்ளங்கள் நூற்றுக்கும் மேல். செம்மறியாடுகள் காற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கியே அவற்றில் சில உண்டாயின என்பார்கள். அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பல கண்ணில் படுவதேயில்லை. காற்றுத் திசை மாறினால் நேற்று எளிதாக இருந்த குழி இன்று பெரும்பாடாகிவிடும். சோளகத்துக்கும் வாடைக்கும் வள்ளத்தின் போக்கை மாற்றுகிற நம் கடற்றொழிலாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்க வீரர் பொபி ஜோன்ஸ் 1921 பிரித்தானிய ஓப்பன் போட்டியில் பதினோராவது குழியருகே மணற்பள்ளத்தில் சிக்கி, மனம் வெறுத்து ஆட்டத்தையே கைவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே மைதானத்தில் ஓப்பன் பட்டத்தை வென்றார். அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 1924இல் வரைபடம் வெளியிட்டவர் அலிஸ்டர் மெக்கென்சி என்ற மருத்துவர். பின்னாளில் இந்த இருவரும் சேர்ந்து அமைத்ததுதான் உங்கள் கட்டுரை கொண்டாடும் அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானம். அதன் வேர் ஒரு மணல்வெளியில் இருக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, அந்த மணல் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதுதான். 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை அந்த வெளியில் முயல் வளர்க்க வணிகர்களுக்கு இடம் கொடுத்தது. முயல்கள் தரையைக் குடைந்தன. ஊரவர் முயல்களைக் கொன்றார்கள், வழக்குப் போட்டார்கள், கைகலந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலவுடைமையாளர், தானும் கோல்ஃப் பிரியர், அதை வாங்கி ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு 1894இல் ஒரு தனிச்சட்டத்தின் மூலம் நிலம் நகரத்தின் கைக்கு மீண்டது. உலகின் பெரிய வீரர்கள் ஆடும் அந்த இடம் இன்றும் பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்ச்சனம் பிள்ளைகளோடும் நாய்களோடும் அதன்மேல் உலாவுகிறது.

வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் கோல்ஃப் மைதானம் அமையுங்கள் என்று நான் கேட்கவில்லை. புல்லுக்கு இறைத்து ஊற்ற நம்மிடம் வற்றாத ஆறும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மெல்லிதாய்க் கிடக்கும் நன்னீர்தான் நம் கைமுதல். மாரி மழையை உள்வாங்கிக் கொடுப்பவை அந்த மணற்கும்பிகள். அவற்றைப் பிடித்து நிறுத்துபவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அந்த மணலை இரவோடிரவாக ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரங்களையும் டிப்பர்களையும் பற்றி உங்கள் பத்திரிகையே எத்தனையோ தடவை செய்தி போட்டிருக்கிறது. பிடிபட்டது, அபராதம் விதிக்கப்பட்டது என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளில் எது எந்தத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது, எது தனியார் காணி, அகழ்வு அனுமதி யாருக்கு எந்த நிபந்தனையில் கொடுக்கப்படுகிறது என்பவற்றை வரைபடத்தோடு வெளியிடுங்கள். விளையாட்டுப் பக்கத்துக்குக் கொடுத்த அதே முழுப் பக்கத்தை இதற்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கரவெட்டி.