டியூஷன் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். உன் பாப்பா நலமோ நலம். தசரா லீவு விட்டதிலிருந்து வீடு தலைகீழாகக் கிடக்கிறது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பாப்பா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் படிப்பைப் பற்றி அவள் காதுபடப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மேல்வீட்டுப் பையனிடம் கொடுப்பேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் காட்டு.

அரையாண்டு ரிப்போர்ட்டில் கணக்குக்கு பி, கன்னடத்துக்கு சி, மற்றதெல்லாம் ஏ. அதைப் பார்த்துவிட்டு எதிர்த் தெரு டியூஷனில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் என்பேன். செலவுக்காகச் சொல்லவில்லை. ஜூன் மாதத்திலிருந்து தினமும் அவள் நோட்டைப் புரட்டுகிறவன் நான். என்ன படித்தாள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நீ மூன்றாம் வகுப்பில் படித்தது வேறு, இது வேறு. 2024இல், பாடப்புத்தகம் போடுகிற என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புப் புத்தகங்களை மொத்தமாக மாற்றிவிட்டது. போன வருடம் வரை பாப்பாவுக்கு மொழியும் கணக்கும்தான் பாடம். இந்த வருடம் ஈ.வி.எஸ்., அதாவது சுற்றுச்சூழல் பாடம், சேர்ந்திருக்கிறது. ஓவியம், பாட்டு, ஆட்டம், நாடகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு புத்தகம். விளையாட்டுக்கும் யோகாவுக்கும் இன்னொன்று. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போவது ஒரு வகுப்புதான் என்றாலும், பிள்ளைக்கு அது பெரிய தாண்டல். நீங்கள் இருவரும் மஸ்கட் போனதும் அதே ஜூனில்தான். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்த ரிப்போர்ட் எனக்கு நன்றாகவே தெரிகிறது.

கணக்கில் பி வந்த கதையைச் சொல்கிறேன். விடைத்தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். போன மார்க்கில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் போயிருக்கிறது. முந்நூற்று நாற்பத்திரண்டு என்றால் 342 என்று சரியாக எழுதுகிறாள். முந்நூற்று ஐந்து என்றால் 3005 என்று எழுதுகிறாள். முந்நூறு காதில் விழுகிறது, 300 எழுதிவிடுகிறாள். ஐந்து விழுகிறது, பக்கத்தில் 5 போட்டுவிடுகிறாள். இந்த வயதில் பல பிள்ளைகள் செய்வதுதான் இது. கூட்டல் தெரியாதவள் இல்லை. இடமதிப்பு இன்னும் முழுசாக மனதில் உட்காரவில்லை, அவ்வளவுதான். பள்ளியிலும் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் பீரோவைத் திறந்து மூன்று நூறு ரூபாய் நோட்டும் ஐந்து ஒரு ரூபாய்க் காசும் எடுத்து வைத்தேன். நடுவில் பத்து ரூபாய் நோட்டுக்கு இடம் விட்டேன். "இங்கே எத்தனை நோட்டு?" என்றேன். "ஒன்றுமே இல்லையே தாத்தா" என்றாள். "அப்படியானால் அந்த இடத்தில் என்ன எழுதுவாய்?" கொஞ்சம் யோசித்தாள். 305 என்று எழுதினாள். அதன் பிறகு 607, 810 என்று எதைக் கேட்டாலும் சரியாக வருகிறது. டியூஷனில் இதையே நூறு தடவை எழுதச் சொல்லியிருப்பார்கள்.

வாய்ப்பாடு ஐந்து வரை தலைகீழாகத் தெரியும். அதைவிட எனக்குச் சந்தோஷம், நாலு மூணு பன்னிரண்டு என்றால் மூன்று மூன்றாக நாலு கூட்டம் என்று படம் போட்டுக் காட்டுகிறாள். பாதி, கால் பாடம் நடந்தபோது என்னிடமிருந்த பழைய இருபத்தைந்து பைசாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள், 2011லேயே அது செல்லாமல் போய்விட்டதே. இதை ஏன் நாலணா என்கிறீர்கள் என்று கேட்டாள். 1957க்கு முன்னால் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றேன். பதினாறில் கால் எத்தனை என்று நான் கேட்பதற்குள் விரல்விட்டு எண்ணி, "நாலு! அதனால்தான் நாலணாவா?" என்றாள். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீளம் அளக்கும் பாடம் புத்தகத்தில் இன்னும் பின்னால் இருக்கிறது. ஆனாலும் பெஞ்சைச் சாணால் அளக்கும் விளையாட்டை டீச்சர் இப்போதே ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டிலை அளந்தாள். என்னையும் அளக்கச் சொன்னாள். அவளுக்கு நிறைய சாண் வந்தது, எனக்குக் குறைவாக வந்தது. "கட்டில் ஒன்றுதானே, யாருடைய சாண் சரி?" என்றாள். காலமெல்லாம் லேத்தில் நின்று மைக்ரோமீட்டர் பிடித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! என் பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அதை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ், கதவு, பக்கத்து வீட்டு நாயின் வால் என்று ஒன்றையும் விடவில்லை. இது எந்த விடைத்தாளிலும் வராது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இனி கன்னடம். சி என்றதும் உனக்குப் பதற்றம். கன்னடமே வராது என்று நினைத்துவிட்டாய். தெருப் பிள்ளைகளோடு அவள் சண்டை போடுவதே கன்னடத்தில்தான், அதுவும் சரளமாக. பேச்சில் குறையே இல்லை. டிக்டேஷனில்தான் மார்க் போகிறது. நம் வீட்டில் காதில் விழுவது தமிழ். நமக்கு ஒரு 'க' போதும். அவர்களுக்கு அந்த ஓர் இடத்தில் நாலு எழுத்து, நாலுக்கும் நாலு ஒலி. ட, த, ப வரிசையிலும் அப்படியே. டீச்சர் அழுத்திச் சொல்கிற எழுத்துக்கு மென்மையானதை எழுதிவிட்டு வருகிறாள். காகுணித, அதாவது நம் உயிர்மெய் வரிசை மாதிரியானது, நன்றாக வருகிறது. ஒத்தக்ஷரத்தில், அதாவது எழுத்துக்குக் கீழே எழுத்து எழுதுகிற இடத்தில், கை தடுமாறுகிறது. 2015இல் வந்த சட்டத்துக்குப் பிறகு எந்த போர்டு பள்ளியானாலும் இந்தப் பெங்களூருவில் கன்னடம் உண்டு. அது நல்லதுதான் என்று நான் சொல்வேன், உனக்குத் தெரியும். இங்கே வாழ்கிற பிள்ளைக்குக் கடைப்பலகை படிக்கத் தெரிய வேண்டாமா? மெட்ரோவில் போகும்போது ஸ்டேஷன் பெயரைக் கன்னடத்தில் படித்த பிறகுதான் ஆங்கிலத்தைப் பார்க்கிறாள். கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். தினம் சாயங்காலம் பத்து வரி கன்னடம் சொல்லி எழுத வைக்கிறேன் என்றிருக்கிறார். அவர் உச்சரிப்பு தார்வாட் உச்சரிப்பு, சுத்தமாக இருக்கும். இதற்கும் டியூஷன் தேவைப்படவில்லை பார்.

ஆங்கிலம், ஹிந்தி இரண்டும் பரவாயில்லை. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்று நிபுண் பாரத் திட்டத்தில் ஒரு இலக்கு வைத்திருக்கிறார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அதைவிட வேகமாகவே போகிறாள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிக்கிறாள்! மெதுவாகப் படி என்றால் முழுக்கதையும் சொல்கிறாள். வேகத்தை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும், நான் கடிகாரத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

ஈ.வி.எஸ்.தான் அவளுக்கு உயிர். குடும்பம், திருவிழா, செடிகொடி என்று போய் இப்போது தண்ணீரில் வந்து நிற்கிறது. 'உன் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று ஒரு வேலை கொடுத்தார்கள். பாதிப் பிள்ளைகள் 'குழாயிலிருந்து' என்று எழுதிவிட்டார்களாம். பாப்பா என்னைப் பிடித்துக்கொண்டாள். காவிரித் தண்ணீரை டி.கே. ஹள்ளி என்ற ஊரில் சுத்தம் செய்து, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரம் பம்ப் செய்துகொண்டு வருகிறார்கள் என்றேன். ஆறு பள்ளத்தில் இருக்கிறது, பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் தண்ணீரை மேலே தள்ள வேண்டியிருக்கிறது என்றேன். "தண்ணி மேலே ஏறுமா?" என்று அவளால் நம்பவே முடியவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய், கீழே சம்ப்பையும் மேலே டேங்க்கையும் காட்டி, மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். காவிரி வருவதற்கு முன்னால் ஹெசரகட்டா ஏரியும் திப்பகொண்டனஹள்ளி அணையும்தான் இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தன என்பதையும் சொன்னேன். காவிரி முதல் கட்டம் வந்தது 1974இல். எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் வரைந்துவிட்டாள். ஓரத்தில் ஒரு டேங்கர் லாரியும் இருந்தது. 2024 கோடையில் நீ ராத்திரி முழுக்க டேங்கர்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாயே, அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சார்ட் இப்போது வகுப்புச் சுவரில் தொங்குகிறது.

செடி பாடத்துக்கு இலை சேர்த்தோம். புங்கை, வேம்பு, அரசு, தூங்குமூஞ்சி. தூங்குமூஞ்சி சாயங்காலத்தில் இலையை மடக்கிக்கொள்ளும் என்று படித்துவிட்டு வந்து, அல்சூர் ஏரிப் பக்கம் இருட்டும்வரை என்னை நிற்கவைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு நடந்தாள். குப்பை பாடம் இன்னும் நடத்தவே இல்லை. அதற்குள் புத்தகத்தைத் தானே முன்கூட்டிப் புரட்டிவிட்டு, பால் கவரை ஈரக் குப்பையில் போட்டதற்கு உன் அம்மாவை ஒரு பிடி பிடித்துவிட்டாள். "அஜ்ஜி, ஹசி கசா வேற, ஒண கசா வேற!" ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறாம். குப்பை வண்டிக்காரர்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

ஓவியம், விளையாட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களிமண் பிள்ளையார் செய்தாள், தும்பிக்கை காய்ந்து உடைந்தது, திரும்ப ஒட்டினாள். அடுக்கிய கல்லைப் பந்தால் அடிக்கிற லகோரி விளையாட்டில் குறி நன்றாக இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வந்ததும் "டெஸ்ட்ல எவ்வளவு?" என்று ஆரம்பிக்கிறாய். அவள் உடனே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பதில், உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் உன்னைக் கேட்கப் போகிறாள், அதற்கு விடை தெரிந்துகொண்டு வா. கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துக் குடிநீராக்குகிறார்கள் என்று நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். அம்மா சொன்னால்தான் நம்புவாளாம். முடிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நான் போகிறேன். இரண்டு விஷயம் கேட்பேன். கன்னட டிக்டேஷனுக்கு வாரம் எத்தனை சொல் கொடுப்பார்கள், முன்கூட்டியே எனக்குக் கிடைக்குமா என்பது ஒன்று. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற வகுப்பில் இவளைக் கடைசி பெஞ்சிலிருந்து கொஞ்சம் முன்னால் உட்காரவைக்க முடியுமா என்பது இன்னொன்று. கரும்பலகை தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை, ஆனால் டிவியைக் கிட்டே போய்ப் பார்க்கிறாள். கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுகிறேன். எனக்கென்னவோ டியூஷனைவிட இதுதான் அவசரமாகப் படுகிறது.

அப்புறம், நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு, அதாவது கர்நாடக மாநிலம் உருவான நாளுக்கு, மேடையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் மூன்று வரிப் பாட்டு ஒன்று சொல்கிறாள். நம் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009இல் திறந்ததும், அதே மாதம் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கதையைச் சொன்னதிலிருந்து குறளும் ஒன்று சேர்த்துச் சொல்வேன் என்று அடம். டீச்சர் சம்மதித்தால் சொல்லட்டும். சிவப்பு மஞ்சள் பாவாடைக்கு உன் அம்மா துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. நிகழ்ச்சி இங்கே காலை பத்து மணிக்கு, உனக்கு எட்டரை. அன்றைக்கு டியூட்டி இருந்தால் இப்போதே யாரிடமாவது சொல்லி மாற்றிக்கொள்.

டியூஷன்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் பேசிவிட்டு அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் நானே போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா