ஆடு புலி ஆட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கோபி பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், எக்செலில் ஓடிய ஆடு புலி ஆட்டத்தை விளையாடிய எல்லோருக்கும் வணக்கம். அதை ஓட வைத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோயில் திண்ணை அப்பாருகளுக்கு, அதாவது தாத்தாக்களுக்கு. 3 புலி, 15 ஆடு, காய் வைக்க 23 முனை. எந்த முனையிலிருந்து எங்கே போகலாம், எந்த ஆட்டைத் தாண்டிப் புலி வெட்டலாம் என்று அவர்கள் சொல்லச் சொல்லத் தனி ஷீட்டில் எழுதிக்கொண்டேன். ஆட்டத்தின் மூளையே அந்த ஷீட்தான். காயை நகர்த்தியதும் ஒரு சின்ன மேக்ரோ, அதாவது எக்செலுக்குள்ளேயே ஓடும் குட்டி நிரல், அந்த ஷீட்டைப் பார்த்து, சரி, தப்பு சொல்லும். 15 ஆட்டையும் இறக்கி முடிக்காமல் ஓர் ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்பதில் அப்பாருகள் கறாராக இருந்தார்கள். அதனால்தான் அது நிஜ ஆட்டமாக இருந்தது.

கீபோர்டுக்குப் பதில் நான்கு திசைக்கும் பச்சை மஞ்சள் கிழங்கு, என்டருக்கு இளநீர். 2012-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கொண்டுவந்த மேக்கி மேக்கி பலகை வாழைப்பழத்தையே பட்டனாக்கியது. அதே வழிதான். ஒரு கையில் எர்த் ஒயர் கட்டிய எவர்சில்வர் டம்ளர், மறு கையால் மஞ்சளைத் தொட்டால் உடம்பு வழியாகச் சுற்று முடியும். தன்னைக் கீபோர்டு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும் ஆர்டுயினோ லியோனார்டோ போர்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஒயர் தந்தது மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுற்று (காயில்) கட்டும் அண்ணன். காயில் ஒயர் மேல் எனாமல் பூச்சு இருக்கும், அது போகாமல் கரண்ட் பாயாது. ஒவ்வொரு நுனியையும் செம்பு மின்னும்வரை உப்புத்தாளில் தேய்த்துத் தந்தார். "ஷாக் அடிக்குமுங்களா?" என்று அம்மாக்கள் தயங்கியபோது முதலில் டம்ளரைப் பிடித்ததும் அவர்தான். யுஎஸ்பியின் 5 வோல்ட், நடுவே கரண்டைக் குறைக்கும் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர். உடம்புக்கு ஒன்றும் தெரியாது.

மஞ்சள் வெட்டு வேலைக்கு நடுவிலும், விரல் போல மெலிந்த விரலி மஞ்சள் கைக்கு அடங்காது என்று பெரிய கிழங்காகப் பொறுக்கித் தந்த தோட்டத்து அக்காவுக்கு என்ன சொல்ல! வெட்டு முகம் காய்ந்து பட்டன் வேலை செய்யாமல் போனபோதெல்லாம் புதிதாகச் சீவித் தந்துகொண்டே இருந்தார்.

விரலெல்லாம் மஞ்சளாக, ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி ஓர் அப்பாருவின் மூன்று புலிகளையும் நகர விடாமல் அடைத்துவிட்டாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "இன்னொரு ஆட்டம் போடலாம் கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்குத் தனி நன்றி.

ஃபைல் ஊர் நூலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பென் டிரைவ் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்ளலாம். பூட்டு எதுவும் போடவில்லை, மாற்றியும் விளையாடுங்கள்.