வைஃபையில் படம் வரவில்லையா? ரீசெட் பட்டனில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காம்பாக்ட் கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வைஃபை வழியே படங்கள் வர மறுக்கின்றன என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு, தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் இரண்டே வரியில் பதில் தரப்பட்டிருந்தது: கேமராவின் நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்யுங்கள், சரியாகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கேமராக்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. ரீசெட் கொடுத்தால் கேமராவில் சேமித்த ரவுட்டர் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டருடன் செய்த பேரிங் (இரு கருவிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் பதிவு), போனுடன் செய்த பேரிங் எல்லாம் ஒன்றாக அழிந்துபோகும். ஒரு கோளாறு இருந்த இடத்தில் மூன்று வந்து உட்காரும். கைமாறி வந்த பழைய கேமராவுக்கு ரீசெட் அவசியம். விற்பவரும் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது. மற்றவர்கள் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

"போன மாதம் வரை ஒழுங்காக வந்தது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. கேமரா போன மாதம் இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. மாறியது அதைச் சுற்றியுள்ளவை: புது ரவுட்டர் வந்திருக்கும், விண்டோஸ் தன்னைத்தானே அப்டேட் செய்திருக்கும், புதிதாக ஆன்டிவைரஸோ, இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் வி.பி.என்.னோ ஏறியிருக்கும். எனவே தேட வேண்டிய இடமும் அதுதான். கேமராவின் வைஃபை சிப்பே போய்விட்டதோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. கேமரா நிறுவனத்தின் போன் ஆப் மூலம், ரவுட்டரை நடுவில் சேர்க்காமல், நேராகப் போனுக்கு ஒரு படம் அனுப்பிப் பாருங்கள். போய்விட்டால் கேமரா நன்றாக இருக்கிறது. சர்வீஸ் சென்டர் செலவு மிச்சம்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ரவுட்டரின் பெயரே கேமரா திரையில் தெரியவில்லையா, தெரிந்தும் இணைய மறுக்கிறதா, இணைந்தும் கம்ப்யூட்டர் கண்ணில் படவில்லையா, அனுப்பத் தொடங்கி நடுவில் அறுகிறதா? நான்கும் நான்கு வேறு நோய்கள்.

பெயர் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அலைவரிசை. காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அவற்றுக்குத் தெரியாது. ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு, வருகிற கருவிகளை எல்லாம் 5 பக்கம் தள்ளப் பார்க்கும் அமைப்பில் இருந்தால், கேமராவின் அழைப்புக்குப் பதில் தராமல் தட்டிக் கழிப்பதும் உண்டு. ரவுட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் உள்ள தனித்தனித் தடங்கள். வட அமெரிக்கச் சந்தைக்கான கேமராக்கள் 1 முதல் 11 வரையிலான சேனல்களில்தான் இயங்கும். ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்து 12 அல்லது 13-க்குத் தாவினால், வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த அந்தக் கேமராவில் நெட்வொர்க் பெயர் மாயமாகிவிடும். மறுநாள் ரவுட்டர் வேறு சேனலுக்குப் போனதும் திரும்ப வந்துவிடும். பேய் பிடித்ததுபோல விட்டு விட்டு வரும் இந்தக் கோளாறுக்கு மருந்து, சேனலை 1, 6, 11-இல் ஒன்றில் நிலையாக வைப்பது, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குவது.

பெயர் தெரிகிறது, ஆனால் சரியான பாஸ்வேர்டு போட்டும் இணையவில்லை. இங்கேதான் நிறைய பேர் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பொறுமை இழக்கிறார்கள். புது ரவுட்டர்களில் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்கலாம். பழைய கேமராவுக்கு அந்த மொழி தெரியாது. அதை டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று மாற்றுங்கள். டபிள்யூ.பி.ஏ.2-உம் 3-உம் கலந்த முறையில் வைத்தும் சிக்கல் இருந்தால், அதே பக்கத்தில் பி.எம்.எஃப். என்று ஒரு அமைப்பு இருக்கும். அது 'கட்டாயம்' என்றிருந்தால் 'விருப்பம்' ஆக்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் உள்ள நிலையில் பாஸ்வேர்டு இல்லாமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பட்டனை அழுத்தியும் பயனில்லை. அந்த முறையில் அது வேலை செய்யாது. வீட்டு நெட்வொர்க்குக்கு ஆசையாகத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் கேமராவுக்காக ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்துக்கொள்வது நல்லது. கேமரா திரையில் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் இருக்காது. நெட்வொர்க் பெயருக்கு மொத்தமே 32 பைட்தான் அனுமதி. 'வீடு' என்ற இரண்டெழுத்தே அதில் 12 பைட்டைத் தின்றுவிடும்.

மூன்றாவது கட்டம்தான் பெரிய தலைவலி: கேமரா ரவுட்டருடன் இணைந்துவிட்டது, கம்ப்யூட்டரும் இணைந்திருக்கிறது, ஆனால் ஒன்றை ஒன்று காணவில்லை. முதலில் இரண்டின் ஐ.பி. முகவரியையும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்) ஒப்பிடுங்கள். கேமராவின் முகவரியை அதன் நெட்வொர்க் மெனுவில் பார்க்க முடியவில்லை என்றால் ரவுட்டரின் இணைந்த கருவிகள் பட்டியலில் பார்க்கலாம். சாதாரண வீட்டு ரவுட்டரில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால், இணைய நிறுவனம் தந்த மோடத்துக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றும் ஓடுகிறது, இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க் என்று பொருள். கேமராவின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே தரவில்லை. முகவரிகள் சரியாக இருந்தும் காணவில்லை என்றால், கேமரா 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளோடு பேசக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது அது. முதன்மை நெட்வொர்க்கிலும் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் ஏ.பி. ஐசொலேஷன் என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அதே கதைதான். கம்ப்யூட்டர் கேபிளிலும் கேமரா வைஃபையிலும் இருக்கும்போது மட்டும் சிக்கல் என்றால், பல கருவிகளுக்குப் பொதுவாக அனுப்பப்படும் செய்திகளை வடிகட்டும், ரவுட்டரின் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் அமைப்பை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

ரவுட்டரில் குறையில்லை என்றால் விண்டோஸ். வைஃபை இணைப்பின் ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் கம்ப்யூட்டர் தன்னை மறைத்துக்கொள்ளும். சொந்த வீடானால் 'பிரைவேட்' ஆக்குங்கள். புது ரவுட்டர் மாட்டியதும் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். மறுபடி பப்ளிக் ஆகியிருக்கும். வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்கள் உருவாக்கும் போலி நெட்வொர்க் அடாப்டர்களையும் தற்காலிகமாக முடக்குங்கள். கேமரா மென்பொருள் சில வேளை அந்தப் போலிக் கதவில் காத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைச் சில நிமிடம் அணைத்துப் பாருங்கள். படம் வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டது. அப்படியே அணைத்து விட்டுவிடாமல், மறுபடி ஆன் செய்து கேமரா மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். போர்ட் (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்) எண் கேட்கும் ஃபயர்வாலாக இருந்தால்: ஒன்றை ஒன்று தேடுவது பெரும்பாலும் யூ.டி.பி. 1900-இல், பி.டி.பி.-ஐ.பி. முறையில் படம் அனுப்பும் கேமராக்கள் பேசுவது டி.சி.பி. 15740-இல். ஆன்டிவைரஸ் தனக்கென்று வேறொரு ஃபயர்வால் வைத்திருப்பதை மறந்துவிடக் கூடாது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் 2024-இல் வந்த மேக் ஓ.எஸ். 15 முதல், உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு மென்பொருளும் தனியே அனுமதி பெற வேண்டும். முதல்முறை கேட்டபோது 'வேண்டாம்' அழுத்தியவர்கள் பிரைவசி பக்கத்தில் போய் ஆன் செய்யலாம்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வழியும் வேறு. சோனியின் 'கம்ப்யூட்டருக்கு அனுப்பு' வசதிக்கு, முதலில் ஒருமுறை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து, சோனியின் மென்பொருளில் அந்தக் கம்ப்யூட்டரைப் பெறுமிடமாகப் பதிவு செய்ய வேண்டும். புது கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டுக் கேமராவைத் திட்டுவார்கள். கேனானின் பழைய மாடல்களில் கேமராவை விண்டோஸில் ஒரு கருவியாகச் சேர்த்த பிறகுதான் கேமராவிண்டோ மென்பொருள் திறக்கும். இமேஜ் டிரான்ஸ்ஃபர் யூட்டிலிட்டியும் அதன் 2-ஆம் பதிப்பும் வெவ்வேறு மாடல்களுக்கானவை, புதியதுதானே நல்லது என்று மாற்றிப் போட்டால் கேமரா தென்படாது.

பானாசோனிக்கின் பல மாடல்கள் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டருக்கே நேராக அனுப்பும். அங்கே தடுக்கிவிடும் இடங்கள் அதிகம். கம்ப்யூட்டரின் பெயர் 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டதாக இருக்கட்டும். கேமரா கேட்கும் பாஸ்வேர்டுக்கு, விண்டோஸைத் திறக்கப் போடும் 'பின்' எண்ணைத் தருகிறார்கள். அந்தப் பின், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே. நெட்வொர்க் வழியே வருகிறவருக்குச் செல்லாது. கேமராவுக்கென்றே பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்குவது சுத்தமான வழி. ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் 'ஷேரிங்' பகுதியிலும் 'செக்யூரிட்டி' பகுதியிலும், இரண்டிலும், அந்த அக்கவுன்டுக்கு எழுதும் அனுமதி வேண்டும். ஒன்றில் மட்டும் தந்தால் கேமரா ஃபோல்டரைக் காணும், படத்தை வைக்க முடியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் பழைய கேமராவை விண்டோஸ் உள்ளே விடவில்லையென்றால், காரணம் எஸ்.எம்.பி.1 என்ற பழைய ஃபோல்டர் பகிர்வு முறையாக இருக்கலாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது சேர்வதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஒரு படி மேலே போய், அதன் ப்ரோ வகையில், வருகிற ஒவ்வொரு இணைப்பும் டிஜிட்டல் கையொப்பத்துடன் வர வேண்டும் என்கிறது. அது தெரியாத கருவி வாசலிலேயே நிற்கும். எஸ்.எம்.பி.1-ஐ மறுபடி ஆன் செய்யச் சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம். தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியது அந்த வழியாகத்தான். இந்த நிலையில் உள்ள கேமராவுக்கு, முதலில் போனுக்கு அனுப்பி அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவதே உசிதம்.

ரவுட்டர் இல்லாமல், கேமரா உருவாக்கும் வைஃபையில் கம்ப்யூட்டரை இணைக்கிற முறையும் சில மாடல்களில் உண்டு. அதில் ஒரே தொல்லை, அந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை என்று கண்டு விண்டோஸ் வழக்கமான வைஃபைக்கே ஓடிவிடும். படம் மாற்றி முடியும்வரை வீட்டு வைஃபைக்கு 'தானாக இணை' என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

நடுவில் அறுந்துபோவது பெரும்பாலும் பேட்டரியால். இந்தக் கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் சுமார் 1,200 மில்லி ஆம்பியர் மணியோ அதற்கும் குறைவோ உள்ள சின்ன பேட்டரி. வைஃபை ஓடும்போது திரையும் சேர்ந்து எரிகிறது. முழு சார்ஜுடன் தொடங்குங்கள், ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை மெனுவில் நீட்டுங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டே அனுப்பலாம் என்று யூ.எஸ்.பி. கேபிளைச் செருகினால் சில மாடல்களில் வைஃபை தானே அணைந்துவிடும்.

சில படங்கள் மட்டும் வராமல் போவதற்குத் தனிக் காரணங்கள். ரா ஃபைல்களையும் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படங்கள்) சிலவகை வீடியோக்களையும் வைஃபையில் அனுப்பாத மாடல்கள் நிறைய. ஒருமுறை அனுப்பியதை மறுபடி அனுப்பாமல் குறித்து வைத்துக்கொள்பவையும் உண்டு. கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு மீண்டும் வரும் என்று காத்திருந்தால் வராது. கார்டில் உள்ள ஃபைலின் பெயரைக் கம்ப்யூட்டரில் மாற்றியிருந்தாலும் கேமரா அதைப் படமாகவே மதிக்காது. நான்கு எழுத்து, நான்கு எண் என்ற பெயரமைப்பு குலையாமல் இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒற்றை ஆன்டெனா உள்ள கேமராவின் வைஃபைக்குக் காகிதத்தில் நொடிக்கு 72 மெகாபிட். நடைமுறையில் பாதிகூடக் கிடைப்பது அரிது. நொடிக்கு 2 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 8 மெகாபைட் ஜேபெக் படம் 4 நொடியில் வரும், 200 படங்களுக்கு 13 நிமிடம் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ ஒரு நிமிடமே 750 மெகாபைட். அது வந்துசேர 6 நிமிடத்துக்கு மேல். நிரம்பிய 32 ஜி.பி. கார்டுக்கு 4 மணி நேரத்துக்கு மேல், அதற்குள் பேட்டரி படுத்துவிடும். அன்றன்று எடுத்த பத்து இருபது படங்களுக்கு வைஃபை வசதிதான். அதைத் தாண்டினால் கார்டைக் கழற்றி ரீடரில் போடுங்கள், வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகு மட்டும் கார்டை ஃபார்மட் செய்யுங்கள், அதையும் கேமராவிலேயே செய்யுங்கள்.

இப்படிக்கு,
கேமரா பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்