அந்தப் படத்தில் என்ன இருந்தது?

அன்பு மக்களே,

நேற்று போனில் நீ அழுதுகொண்டே சொன்னதில் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறாய். பத்து நாள் கழித்துத்தான் நாள் தள்ளிப்போனதைக் கவனித்திருக்கிறாய். முப்பது வருஷம் எக்ஸ்ரே அறையில் பிலிம் கழுவியவன் மகளுக்கே இந்தப் பயமா என்று கேலி செய்ய நினைத்தேன், வாய் வரவில்லை. போனில் சொன்னால் இப்போது உன் காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நெஞ்சுப் படத்தில் கதிர் விழுவது நெஞ்சில். சிதறிக் கர்ப்பப்பை வரை போவது 0.01 மில்லிகிரேகூட வராது; உடம்பு வாங்கும் கதிரை மில்லிகிரே என்ற அலகில்தான் அளப்பார்கள். கரு கலையுமோ, பிள்ளைக்கு ஊனம் வருமோ என்று டாக்டர்கள் யோசிக்கத் தொடங்குவதே 50 மில்லிகிரேக்கு மேலேதான். ஐயாயிரம் படம் எடுத்தாலும் நீ அங்கே எட்டமாட்டாய். எக்ஸ்ரே பக்கமே போகாதவள் வயிற்றுப் பிள்ளைக்கும் மண்ணும் வானமுமாகச் சேர்ந்து ஒன்பது மாதத்தில் அரை முதல் ஒரு மில்லிகிரே கொடுத்துவிடும். நம் மணவாளக்குறிச்சி மணலில் கதிர் வீசும் தோரியம் வேறு. உன்னைச் சுமந்துகொண்டு அம்மா சாயங்காலம் தோறும் அதில்தான் நடந்தாள்.

ஈய ஏப்ரன் கட்டவில்லையே என்றாய். நான் எத்தனையோ பேருக்குக் கட்டிவிட்டிருக்கிறேன், பெரும்பாலும் அவர்கள் மனத் தெம்புக்காக. பிள்ளையை எட்டுகிற துளியும் உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது. வெளியே தொங்கும் ஈயம் அதை என்ன செய்யும்?

வயிற்று சிடி ஸ்கேன் என்றால் இவ்வளவு லேசாகச் சொல்லமாட்டேன். அது 35 மில்லிகிரே வரைகூடப் போகும், யோசித்துத்தான் எடுப்பார்கள். தைராய்டுக்கான ரேடியோ அயோடின் மருந்து கூடவே கூடாது. பிள்ளையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் எம்ஆர்ஐயிலும் இந்தக் கதிரே கிடையாது.

அம்மாவிடமும் சொல்லாத ஒன்று. ஒருத்தி, ஏழு மாதம், விடாத இருமல். டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தாள். "பிள்ளை பொறக்கட்டும்மா, பொறவு எடுக்கலாம்" என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். நல்லது செய்வதாக நினைப்பு. பிரசவத்துக்கு வந்தபோது சளியில் ரத்தம். டிபி. பிள்ளை பிழைத்தது. அவளை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

டாக்டர் மறுபடியும் படம் கேட்டால், உண்டாகியிருக்கிறேன் என்று முதலில் சொல். எடுக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

அரை மணி நேரம் பேசினாய் மக்களே, அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று சொல்லவே இல்லையே. இருமல் இப்போது எப்படி இருக்கிறது?

அப்பா