ராத்திரியில கெளம்பாத தம்பி

தம்பி, சாப்டியா. அம்மா முறுக்கு மாவு அரைக்க குடுக்க போயிருக்கா, நான் கோப்பிக்கடையில உக்காந்து டைப் பண்றேன், கண்ணாடி கொண்டு வரல, எழுத்து தப்பா இருந்தா நீயே சரி பண்ணி படிச்சுக்க.

நேத்து போன்ல சொன்னியே, தீபாவளிக்கு மொத நாள் சிங்கப்பூர்ல வேல முடிஞ்சி பத்து மணிக்கெல்லாம் ஜொகூர் வந்துருவேன், குளிச்சுட்டு அப்பிடியே மோட்டர் சைக்கிள்ல கெளம்புனா விடியகாலையில வீட்டுல எண்ணெ தேச்சு குளிக்க சரியா இருக்கும்னு. மோட்டருக்கு ஹைவேல டோலும் கெடையாதுன்னு வேற கணக்கு சொன்ன. அம்மா பக்கத்துல இருந்தா, சந்தோஷத்துல அவ மொகத்த பாத்துட்டு நானும் சரின்னுட்டேன். ராத்திரி படுத்தப்புறம் தான் கணக்கு போட்டு பாத்தேன். நீ சிங்கப்பூர் வேலைக்கு பாலம் தாண்டுறதுக்கு விடியகாலை நாலு மணிக்கே எந்திரிக்கிற ஆளு. சிரம்பான் வர்றப்ப மணி ஒன்னு, அப்ப நீ முழிச்சு 21 மணி நேரம் ஆயிருக்கும், அதுக்கப்புறமும் பீடோர்ல நம்ம வீடு வரைக்கும் ரோடு கெடக்கு.

நீ ரோட்டுல ரேஸ் ஓட்டுற ரெம்பிட் புள்ள இல்ல, தெரியும். தண்ணி போட்டுட்டு ஓட்ட மாட்ட, அதுவும் தெரியும். ஆனா தூக்கம் நல்லவன் கெட்டவன் பாத்து வராது தம்பி.

நான் எண்ணெ எடுக்குற செம்பனை காய் ஏத்தி லோரி ஓட்டுன காலம் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. காய் அதிகமா வர்ற மாசத்துல ராத்திரியும் ஓடணும், டிரிப்புக்கு இவ்ளோன்னு காசு, நின்னா காசு இல்ல, அதனால தூங்குறவன் முட்டாள்னு நெனப்போம். ஒரு நாள் மூணாவது டிரிப்பு. பாலம் ஏறுனது ஞாபகம் இருக்கு. அடுத்து ஞாபகம் இருக்கறது டயர் கல்லுல உரசுற சத்தம், லோரி பாதி ரோட்டோர டிரெய்ன்ல, அதான் கால்வாய்ல, எறங்கி நிக்குது, செம்பனை குலையெல்லாம் ரோட்டுல உருண்டு கெடக்கு. எனக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா அந்த பாலத்துக்கும் இந்த டிரெய்னுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு மைலு இருக்கு, அதுல ஒரு கோயில், ஒரு முச்சந்தி, தோட்டத்து லைன் வீட்டு ஆளுங்க ரப்பர் பால் வெட்ட போற வழி எல்லாம் இருக்கு, அத நான் எப்பிடி தாண்டுனேன்னு இன்னி வரைக்கும் எனக்கு தெரியாது. கண்ண மூடுனதே தெரியல தம்பி. தூக்கம் வந்தா நிறுத்திக்கிறேன்னு நீ சொல்லுவ, நானும் அப்பிடித்தான் சொல்லிகிட்டு இருந்தேன்.

90 கிலோமீட்டர்ல போறப்ப ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் ஓடுது வண்டி. மூணு செகண்டு கண்ணு சொக்குனா 75 மீட்டர், ஓட்டுறவன் இல்லாத வண்டி. கார்ல இருக்கவனுக்காவது சுத்தி தகரம் இருக்கு, மோட்டர்ல உனக்கு என்ன இருக்கு? நம்ம மலேசியாவுல வருஷத்துக்கு 6000 பேருக்கு மேல ரோட்டுல சாகறாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு மோட்டர் ஆளுங்க.

1992ல பகல்லயும் மோட்டர் லைட் போடணும்னு சட்டம் வந்தப்ப இதே கடையில உக்காந்து சிரிச்சோம், பேட்டரி வீணாவுதுன்னு. ஆனா லோரி மேல உக்காந்து பாத்தா தான் புரியும், செம்பனை நெழல்ல வர்ற மோட்டர் லைட் இல்லாட்டி கண்ணுலயே படாது. இன்னொன்னு, லோரிக்கு எடது பக்கம் ஒட்டி போவாத. அவன் சைடு கண்ணாடியில அவன் மொகம் உனக்கு தெரியலன்னா உன்னையும் அவனுக்கு தெரியாது. அவன் திரும்புனா நீ சக்கரத்துக்கு அடியில.

பஸ்ல வான்னு சொல்லலாம்னு பாத்தேன், ஆனா 2025ல கெரிக் ரோட்டுல பஸ் கவுந்து 15 காலேஜ் புள்ளைங்க போனதுல இருந்து அதையும் வாய் கூசாம சொல்ல முடியல. அதுக்கப்புறம் ஜூலைல இருந்து எக்ஸ்பிரஸ் பஸ்லயும் பெல்ட் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. பஸ்னா பெல்ட்ட போட்டுட்டு தூங்கு, அது போதும். அதே வருஷம் மே மாசம் நம்ம தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமிக்கு டியூட்டி பாத்துட்டு திரும்பி போன போலீஸ் வண்டிய கல்லு லோரி மோதி 9 போலீஸ்காரங்க போயிட்டாங்க. நாம சாமி பாத்துட்டு வீட்டுல தூங்குறோம், நமக்கு காவல் நின்னவன் வீடு போய் சேரல. லோரிக்காரனா இருந்தவனுக்கு அந்த செய்தி எப்பிடி இருந்துருக்கும்னு நீயே நெனச்சுக்க.

அதனால ஜொகூர்லயே படுத்து தூங்கு. காலையில வெளிச்சம் வந்தப்புறம் கெளம்பு. பாகோல ஒரு தடவ, சிரம்பான்ல ஒரு தடவ எறங்கி காலு நீட்டு. மத்தியானம் எண்ணெ வச்சா தீபாவளி ஒன்னும் கோச்சுக்காது. ஆட்டுக்கறி சூடு பண்ணி வைக்கிறேன். வழியில எங்க வர்றேன்னு நான் போன் பண்ண மாட்டேன், போன தடவ நாலு முறை அடிச்சேன்ல, நீயும் ஓட்டிகிட்டே எடுத்த, அது என் தப்பு. நின்ன எடத்துல நீயே ஒரு மெசேஜ் போடு.

அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், லீவு லேட்டுன்னு ஏதாவது சொல்லி சமாளிக்கிறேன். அப்புறம் அந்த டிரெய்ன் விஷயத்த அவகிட்ட ஒளறிறாத, டயர் வெடிச்சுதுன்னு தான் இன்னும் நெனச்சுகிட்டு இருக்கா.

அப்பா